சென்சார் வாங்குவதற்கு முன் வோல்ட் பாருங்கள்: டிபிஎஸ் சோதிக்கும் முறை

ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்தால் வண்டி ஒரு கணம் தயங்கிவிட்டு அப்புறம் வெடுக்கென்று பாய்கிறது, மூன்றாவது கியரில் நாற்பதில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது காரணமே இல்லாமல் ஜெர்க் அடிக்கிறது, சிக்னலில் நின்றால் ஐடிலிங் ஏறி இறங்குகிறது. இதில் எதைச் சொன்னாலும் நிறைய இடங்களில் கிடைக்கிற முதல் பதில், "டிபிஎஸ் போயிடுச்சு, மாத்திடலாம்" என்பதுதான். சில சமயம் அது சரியாகவே இருக்கும். ஆனால் புது சென்சார் போட்ட பிறகும் அதே ஜெர்க் அப்படியே இருந்தால், காசும் போய், கோளாறு எங்கே என்பதும் தெரியாமல் நிற்க வேண்டியதுதான். இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே ஆதங்கமாக இருக்கும், ஏனென்றால் இது கண்டுபிடிக்க முடியாத கோளாறே இல்லை. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் இரண்டு குண்டூசியும் இருந்தால் அரை மணி நேரத்தில் சென்சாரா, வயரிங்கா, வேறு ஏதாவதா என்று யாரும் பிரித்துவிடலாம்.

டிபிஎஸ் என்றால் த்ராட்டில் பொசிஷன் சென்சார். பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நீங்கள் நேரடியாகப் பெட்ரோலைத் திறந்துவிடுவதில்லை, காற்றைத்தான் திறந்துவிடுகிறீர்கள். ஏர் ஃபில்டரில் இருந்து வரும் குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் த்ராட்டில் பாடி இருக்கிறது, அதற்குள் ஒரு வட்டத் தகடு, மெக்கானிக்குகள் பட்டர்ஃப்ளை என்பார்கள். அந்தத் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம்முக்குச் சொல்வதுதான் இந்த சென்சாரின் வேலை. பழைய மாருதி 800 எம்பிஎஃப்ஐ, முதல் தலைமுறை ஆல்டோ, சான்ட்ரோ மாதிரி கேபிள் வைத்த வண்டிகளில் தகட்டின் ஒரு பக்கம் ஆக்சிலேட்டர் கேபிள் மாட்டியிருக்கும், மறுபக்கம் அதே அச்சின் நுனியில் மூன்று வயரோடு சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதுதான் நம் ஆள். இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் இந்த கேபிள் வகையைத்தான் சொல்கிறேன், எலக்ட்ரானிக் த்ராட்டில் பற்றிக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் அதில் கை வைக்கும் முறையே வேறு.

உள்ளே இருப்பது பொட்டன்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் வால்யூம் திருகும் குமிழ் இருக்குமே, அதே பொருள்தான். வில் மாதிரி வளைந்த ஒரு கார்பன் பாதை, அதன் ஒரு முனைக்கு ஈசிஎம் 5 வோல்ட் கொடுக்கிறது, மறுமுனை எர்த். அந்தப் பாதையின் மேல் ஒரு சின்ன உலோகத் தொடுகை நகர்கிறது. எர்த் பக்கம் இருந்தால் குறைந்த வோல்ட், 5 வோல்ட் முனைப் பக்கம் நகர நகரக் கூடுதல் வோல்ட். அந்தத் தொடுகையில் இருந்து வருவதுதான் மூன்றாவது வயர், சிக்னல் வயர். ரேடியோ பழசானால் வால்யூம் திருகும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் கரகரவென்று சத்தம் வரும் இல்லையா, அந்த இடத்தில் கார்பன் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். டிபிஎஸ்ஸிலும் அதேதான் நடக்கிறது, நாம் அதிக நேரம் மிதி வைத்திருக்கும் இடத்தில்தான் பாதை முதலில் தேயும். ஊருக்குள் ஓட்டுகிற வண்டியில் அது மூடிய நிலைக்குச் சற்று மேலே, கால்வாசிக்குள் இருக்கும். நாற்பதில் ஜெர்க், எண்பதில் ஒன்றுமில்லை என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இப்போது அளவு. கால் வைக்காதபோது சிக்னல் வயரில் பொதுவாக 0.5 முதல் 0.9 வோல்ட்டுக்குள் இருக்கும், முழுசாக மிதித்தால் பெரும்பாலான வண்டிகளில் 3.5-க்கு மேல், 4.7-க்குள் நிற்கும். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும், அதை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில்தான் பார்க்க வேண்டும். மூடினால் 0, திறந்தால் 5 என்று ஏன் நேராக வைக்கவில்லை என்று கேட்கலாம். அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. வயர் அறுந்தாலோ பாடியில் பட்டு ஷார்ட் ஆனாலோ சிக்னல் 0-க்கோ 5-க்கோ போய் ஒட்டிக்கொள்ளும். நல்ல நிலையில் இருக்கும் சென்சார் ஒருபோதும் அந்த இரண்டு எல்லைக்கும் போகாது என்பதால், அங்கே போனாலே ஈசிஎம் இது மிதி இல்லை, வயரிங் கோளாறு என்று புரிந்துகொண்டு செக் என்ஜின் விளக்கைப் போடுகிறது. கூடவே ஸ்கேனரில் படிக்கக்கூடிய ஒரு கோளாறு எண்ணும் பதிவாகும், அதைத்தான் கோட் என்கிறோம். கோட் பி0122 என்றால் வோல்ட் இருக்க வேண்டியதைவிடக் கீழே, பி0123 என்றால் மேலே. பி0121 வேறு கதை: வோல்ட் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் மற்ற சென்சார்கள் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை. இந்த மூன்றில் எதுவுமே "சென்சார் கெட்டது" என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள், சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் சொல்கிறது. சென்சார், அதில் வயர்களை மாட்டும் கப்ளர், மூன்று வயர், ஈசிஎம் எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட்.

சரி, அளக்கலாம். என்ஜின் ஓட வேண்டாம். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். முதலில் பேட்டரியையே பாருங்கள், 12.4-க்கு மேல் இருந்தால் போதும், பேட்டரி சோர்ந்து போன வண்டியில் எந்த சென்சாரை அளந்தாலும் குழப்பம்தான். கறுப்பு லீடை பேட்டரி நெகட்டிவில் ஒரு கிளிப் போட்டு நிலையாக வைத்துவிடுங்கள். த்ராட்டில் பாடியின் உலோகத்தில் பிடித்து அளப்பதும் உண்டு, ஆனால் அங்கே துருவோ அழுக்கோ இருந்தால் எண் பொய் சொல்லும்.

கப்ளரைக் கழற்றாமல், அதன் பின்பக்கம் வயர் உள்ளே போகும் ரப்பர் ஓரமாகக் குண்டூசியை நுழைத்து உள்ளிருக்கும் பின்னைத் தொட வேண்டும், சிவப்பு லீடை அந்தக் குண்டூசியில் வைத்து அளக்க வேண்டும். வயரின் மேல் இன்சுலேஷனைக் குத்தி அளக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்தச் சின்ன ஓட்டை வழியாக ஈரம் போய் ஆறு மாதம் கழித்து உள்ளே செம்பு பச்சை பிடித்துப் பொடியாகும், அப்போது வரும் கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் நிஜமாகவே கஷ்டப்பட வேண்டும். அதேபோல் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பை இந்த வயர்களில் காட்டாதீர்கள். ஹெட்லைட், ஹாரன் சர்க்யூட்டுக்கு அது நல்ல கருவி, ஆனால் ஈசிஎம் சர்க்யூட் தாங்கும் கரண்டைவிட அந்த பல்பு கூடுதலாக இழுக்கும்.

எந்த வயர் எது என்பதற்கு நிறத்தை நம்ப வேண்டாம், நடுவில் இருப்பதுதான் சிக்னல் என்றும் நம்ப வேண்டாம். பல வண்டிகளில் அப்படித்தான் இருக்கும், எல்லாவற்றிலும் இல்லை. வயரிங் படம் கையில் இல்லையென்றால் இப்படிச் செய்யுங்கள்: சாவி ஆஃபில் இருக்கும்போது கப்ளரைக் கழற்றுங்கள். பழைய வண்டியில் அந்த பிளாஸ்டிக் பூட்டு வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து மொறுமொறுப்பாக இருக்கும், அவசரப்பட்டால் உடையும், பூட்டை அழுத்திக்கொண்டு கப்ளர் உடம்பைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். இப்போது மீட்டரை ஓம்ஸில் வைத்து, வண்டிப் பக்கம் இருக்கும் மூன்று பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே பாருங்கள். ஏறக்குறைய 0 ஓம்ஸ் காட்டுவது எர்த். பிறகு மீட்டரை மறக்காமல் வோல்ட்டுக்கு மாற்றி, சாவியை ஆனில் வைத்தால் மீதி இரண்டில் ஒன்று 5 வோல்ட் காட்டும், இன்னொன்று சிக்னல். சில வண்டிகளில் கழற்றி வைத்த சிக்னல் வயரிலும் 5 வோல்ட்டுக்குப் பக்கமாகக் காட்டும், ஏனென்றால் ஈசிஎம் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை மேலே இழுத்து வைத்திருக்கும். அப்படி இரண்டுமே 5 காட்டினால் பயப்பட வேண்டாம், கப்ளரைத் திரும்ப மாட்டிப் பார்த்தால் எது மிதிக்கு ஏற்ப மாறுகிறதோ அதுதான் சிக்னல். கப்ளரைக் கழற்றி சாவி போட்டதால் ஒரு கோட் பதிவாகியிருக்கும், கடைசியில் அழித்துக்கொள்ளலாம்.

கப்ளரை மாட்டிய நிலையில், சாவி ஆனில், என்ஜின் ஆஃபில், மூன்று வயரையும் வரிசையாக அளக்க வேண்டும். 5 வோல்ட் வயரில் 4.8 முதல் 5.1-க்குள் இருக்க வேண்டும். எர்த் வயரில் 0.1 வோல்ட்டுக்குக் கீழே, நல்ல வண்டியில் 0.02, 0.03 என்று நிற்கும். இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் சிக்னலைப் பற்றிப் பேசவே அர்த்தம் இருக்கிறது. பெரும்பாலானோர் நேராக சிக்னல் வயரை அளந்துவிட்டு, 0 காட்டுகிறது, சென்சார் செத்தது என்று முடித்துவிடுகிறார்கள். 5 வோல்ட் வந்து சேராத சென்சார் வேறு என்ன காட்டும்?

5 வோல்ட் வரவில்லை என்றால் என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறைய பேர் தேவையில்லாமல் ஈசிஎம் வரைக்கும் போய்ச் செலவு செய்கிறார்கள். பல வண்டிகளில் அந்த 5 வோல்ட் டிபிஎஸ்ஸுக்கு மட்டும் தனியாக வருவதில்லை. மேனிஃபோல்டு பிரஷர் சென்சார், சில வண்டிகளில் ஏசி பிரஷர் சென்சார் எல்லாம் அதே வரிசையில் பங்கு போட்டுக்கொள்ளும். அவற்றில் ஏதாவது ஒன்று உள்ளே ஷார்ட் ஆகியிருந்தாலும் மொத்த 5 வோல்ட்டும் கீழே விழுந்துவிடும், ஆனால் வண்டி டிபிஎஸ் கோட் காட்டும். மீட்டரை 5 வோல்ட் வயரில் வைத்துக்கொண்டே, சாவியை ஆஃப் செய்து மற்ற சென்சார்களின் கப்ளரை ஒன்று கழற்றி, சாவி போட்டுப் பார்த்து, திரும்ப மாட்டி, அடுத்தது என்று போங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. எதைக் கழற்றியும் வரவில்லை என்றால் வயரைத் தேடுங்கள். நம் ஊரில் முதல் சந்தேகம் எலிதான், இரவில் சூடான என்ஜின் மேல் வந்து படுத்துக்கொண்டு வயரைக் கடித்து வைத்திருக்கும். பேட்டரி ட்ரே பக்கமும், என்ஜினுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். அடுத்தது தண்ணீர், பிரஷர் வாஷ் அடித்த வண்டியில் கப்ளர் உள்ளே பச்சை படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எர்த் வயர் அறுந்திருந்தால் நடப்பது வேறு. தொடுகை எங்கே இருந்தாலும் சிக்னல் 5-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஈசிஎம் பார்வையில் நீங்கள் மிதியை முழுசாக அழுத்தியிருக்கிறீர்கள். நிறைய வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது மிதி முழுசாக அழுத்தியிருந்தால் பெட்ரோலை நிறுத்திவிடும் ஏற்பாடு உண்டு, பிளக் நனைந்து போன என்ஜினைக் காய வைப்பதற்காக. அதனால் டிபிஎஸ் மேலே ஒட்டிக்கொண்ட வண்டி ஸ்டார்ட் ஆகவே மறுக்கலாம், பெட்ரோல் பம்பைக் கழற்றி மாற்றிய பிறகும்.

இரண்டு வயரும் சரி, இனி சிக்னல். கால் வைக்காமல் எண்ணைப் பாருங்கள், உதாரணத்துக்கு 0.58 என்று வைத்துக்கொள்வோம். இப்போது கையால் த்ராட்டிலை மெல்ல, மிக மெல்லத் திருப்புங்கள். 0.58, 0.71, 0.86, 1.02, 1.19, 1.35 என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் எங்கேயும் நிற்கக் கூடாது, குதிக்கக் கூடாது, கீழே விழக் கூடாது. அதே 1.02-க்கு அடுத்து ஒரு நொடி 0.30 காட்டிவிட்டு 1.19-க்குப் போனால் தேய்ந்த இடம் கிடைத்துவிட்டது. ஓட்டும்போது அந்த ஒரு நொடியில் நடப்பதைப் பாருங்கள்: ஈசிஎம்முக்கு நீங்கள் திடீரென்று காலை எடுத்தது மாதிரி தெரிகிறது, அது பெட்ரோலைக் குறைக்கிறது, அடுத்த கணமே பலமாக மிதித்தது மாதிரி தெரிகிறது, உடனே பெட்ரோலைக் கூட்டுகிறது. நீங்கள் காலை அசைக்கவே இல்லை. அந்த ஜெர்க் இப்படித்தான் பிறக்கிறது. எவ்வளவு காற்று போகிறது என்பதை அளக்க மேனிஃபோல்டு பிரஷர் சென்சாரோ ஏர் ஃப்ளோ சென்சாரோ தனியாக இருக்கிறது. டிபிஎஸ் முக்கியமாகச் சொல்வது எவ்வளவு வேகமாக மிதித்தீர்கள் அல்லது விட்டீர்கள் என்பதை, அதனால்தான் அதில் ஒரு சின்னக் குதிப்புகூட இவ்வளவு தெளிவாக வண்டியில் தெரிகிறது.

ஒரு சிக்கல் உண்டு. சாதாரண டிஜிட்டல் மீட்டர் ஒரு நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும், அதற்கு நடுவில் வந்து போகும் குதிப்பு அதன் கண்ணில் படாது. அதனால்தான் மெல்லத் திருப்பச் சொன்னேன். முள் வைத்த பழைய அனலாக் மீட்டர் இருந்தால் இந்த வேலைக்கு அது நன்றாகவே உதவும், முள் துள்ளுவது அப்படியே தெரியும். மீட்டரில் மின், மேக்ஸ் பொத்தான் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு திருப்புங்கள். வோல்ட் மாறுவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் உள்ள ஒர்க்‌ஷாப் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏறும் கோட்டில் ஒரு பள்ளம் விழுவது ஐயமே இல்லாமல் தெரிந்துவிடும்.

கையால் திருப்பிப் பார்த்த பிறகு ஒருவரை உள்ளே உட்கார வைத்து மிதியால் முழுசாக அழுத்தச் சொல்லுங்கள். கையால் திருப்பும்போது 4.2 வந்து, மிதித்தால் 3.4-தான் வருகிறது என்றால் சென்சாரில் ஒன்றுமில்லை. கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது மிதிக்குக் கீழே தரைவிரிப்பு மடிந்து கிடக்கிறது. பிக்கப் இல்லை என்று வருகிற வண்டியில் இதையும் பார்க்க வேண்டும். விட்டால் ஒவ்வொரு முறையும் அதே 0.58-க்குத் திரும்ப வேண்டும். ஒரு முறை 0.58, இன்னொரு முறை 0.74 என்றால் கேபிள் ஒட்டுகிறது அல்லது த்ராட்டில் பாடியில் கரி படிந்து தகடு முழுசாக மூடாமல் நிற்கிறது. பல ஈசிஎம்கள் தாங்கள் பார்க்கும் மிகக் குறைந்த வோல்ட்டை மூடிய நிலை என்று கற்றுவைத்துக்கொள்ளும். அதற்கு மேலே நின்றால் நீங்கள் இன்னும் லேசாக மிதித்துக்கொண்டிருப்பதாக அது எடுத்துக்கொள்ளும், ஐடிலிங்கைக் கட்டுப்படுத்தும் வேலையில் குழப்பம் வரும். முதலில் கரியைத் துடையுங்கள். தகடு போய் முட்டி நிற்கும் அந்தச் சின்ன ஸ்க்ரூவை மட்டும் திருகாதீர்கள், அது தொழிற்சாலையில் அமைத்தது, அதைத் திருகி ஐடிலிங்கைச் சரிசெய்வது கோளாறை மறைப்பதுதான்.

சென்சாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ ஓட்டைகள் நீளவட்டமாக இருந்தால் அது அட்ஜஸ்ட் செய்யக்கூடிய வகை, மேனுவல் சொல்லும் வோல்ட்டுக்குக் கொஞ்சம் திருப்பி வைத்து இறுக்கலாம். வட்ட ஓட்டையாக இருந்தால் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது.

எல்லாம் சரியாகக் காட்டி, சூடானால் மட்டும் கோளாறு வருகிறதா? மீட்டரை சிக்னலில் வைத்துக்கொண்டு ஹேர் டிரையரால் சென்சாரைச் சூடாக்குங்கள், ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள், கப்ளரில் இருந்து போகும் வயரை விரலால் அசைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் எந்த அசைவில் துள்ளியதோ அங்கேதான் கோளாறு.

ஸ்கேனர் அல்லது ப்ளூடூத் அடாப்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். த்ராட்டில் பொசிஷன் என்று அது சதவீதத்தில் காட்டும், மிதியில் காலே வைக்காமல் 12% காட்டுகிறதே என்று நிறைய பேர் பதறுகிறார்கள். அது 5 வோல்ட்டில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 0.6 வோல்ட் என்றால் 12%, முழுசாக மிதித்து 4.2 வோல்ட் வந்தால் 84%. 100 வராததில் கோளாறு எதுவும் இல்லை. ஸ்கேனரில் எண் சரியில்லை, கப்ளரில் மீட்டர் வைத்தால் சரியாக இருக்கிறது என்றால் சென்சாருக்கும் ஈசிஎம்முக்கும் நடுவில் சிக்னல் வயரில் கோளாறு. இந்த ஒப்பீடு ஒன்றுக்காகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இனி எலக்ட்ரானிக் த்ராட்டில். கேபிள் இல்லை, மிதியில் இருந்து வயரில் செய்தி போகிறது, தகட்டை ஒரு மோட்டார் திறக்கிறது. சாவி ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளிப் பார்க்கவே கூடாது. மோட்டார் எப்போது மூடும் என்று சொல்ல முடியாது, விரல் நசுங்கும். இதில் பாதுகாப்புக்காக இரண்டு சென்சார் இருக்கும், மிதியிலும் தனியாக இரண்டு. சில வண்டிகளில் ஒன்று 0.5-ல் இருந்து ஏறும்போது மற்றது 4.5-ல் இருந்து இறங்கும், எந்த நிலையிலும் இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 5 வர வேண்டும். வேறு சிலவற்றில் இரண்டும் ஒரே திசையில் வேறு வேறு அளவில் ஏறும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் த்ராட்டில் பக்கத்துக்கு பி2135, மிதிப் பக்கத்துக்கு பி2138 என்ற கோட்கள் வரும், வண்டி லிம்ப் மோடுக்குப் போய்விடும், மிதித்தாலும் மெதுவாகத்தான் நகரும். இந்த வகை பலவற்றில் உள்ளே கார்பன் பாதை கிடையாது, காந்தத்தை உணரும் ஹால் சென்சார்தான். அதனால் கழற்றி ஓம்ஸ் அளந்து ஒரு பயனும் இல்லை, ஸ்கேனரில் இரண்டு எண்களையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் வழி. 5 வோல்ட்டும் எர்த்தும் பார்ப்பது மட்டும் முன்பு சொன்ன அதே முறைதான்.

இதே மூன்று வயர் அளவு, 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு ஃபியூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிய பைக், ஸ்கூட்டர்களில் டிபிஎஸ் இருக்கும் வண்டிகளுக்கும் பொருந்தும். இடம்தான் நெருக்கடியாக இருக்கும்.

அளந்து பார்த்து உண்மையிலேயே சென்சார்தான் என்று தெரிந்தால் தயங்காமல் மாற்றுங்கள், கழற்றி கிளீனர் அடித்தாலும் தேய்ந்த கார்பன் திரும்பி வராது. புதியதைப் பொருத்தும்போது அச்சின் நுனி சென்சாரின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். ஸ்க்ரூ ஓட்டைகள் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி வைத்து, ஸ்பிரிங் இழுவிசையோடு திருப்பிக் கொண்டுவந்துதான் பல வண்டிகளில் மாட்ட வேண்டியிருக்கும். நேராக வைத்து இறுக்கிவிட்டால் எண் மாறவே மாறாது. கோட்களை அழித்துவிட்டு, வண்டியை எடுப்பதற்கு முன் அதே மீட்டரை வைத்து மூடியதில் இருந்து முழுசாகத் திறந்தது வரை இன்னொரு முறை மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.